நாலாயிரம் ஹார்ட்... மூணு கஸ்டமர்!

ஸ்ரீரங்கத்தில் ‘நாலாயிரம்’ என்றால் ஒரே அர்த்தம்தான். ஆழ்வார்கள் பாடியது. மார்கழி பிறந்தால் பகல் பத்து, ராப்பத்து என்று அரையர்கள் தாளம் தட்டிச் சேவிப்பது.

போன வருஷம் என் தம்பி பெண் வேறொரு நாலாயிரத்தைக் காட்டினாள். செல்போனில்.

‘‘பாருங்கோ பெரியப்பா... நாலாயிரத்துப் பன்னெண்டு ஃபாலோயர்ஸ்!’’

அவள் படம் போடுகிறவள். வாட்டர் கலர். கோயில் யானை, அம்மா மண்டபத்துப் படித்துறை, சித்திரை வீதியில் ஈரத் துணி காயும் திண்ணை, கொள்ளிடத்தில் தண்ணி இல்லாத நாளின் மணல்... நன்றாகவே போடுகிறாள். பெரியப்பா என்பதால் சொல்லவில்லை. என் மூக்கை அவள் ஒரு முறை வரைந்திருக்கிறாள். அதற்கு அப்புறமும் சொல்கிறேன் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

‘‘பலே! நாலாயிரம் பேரா? அப்போ நல்ல வியாபாரம்னு சொல்லு.’’

முகம் சுருங்கிவிட்டது. ‘‘ஒரு வருஷத்துல மூணு படம் வித்திருக்கு.’’

நாலாயிரம் பேர் ஹார்ட் போட்டு, மூன்று பேர் பர்ஸைத் திறந்திருக்கிறார்கள். அதிலும் ஒரு படத்துக்குக் கீழே யாரோ ஒரு மகானுபாவர், ‘இது கம்ப்யூட்டர் போட்ட படம்தானே?’ என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அன்று ராத்திரி பூரா இவள் தூங்கவில்லை. போதாக்குறைக்கு, ‘தைக்குள்ள ஒரு வழி தெரியலேன்னா சென்னைக்கு வேலைக்குப் போயிடணும்’ என்று என் தம்பி கெடு வைத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பிரஷ் என்ன விலை, கேஸ் சிலிண்டர் என்ன விலை என்று அவனுக்குத்தான் தெரியும்.

‘‘அந்த மூணு பேர் யார்?’’ என்று கேட்டேன்.

‘‘யாரோ. அட்ரஸ் குடுத்தா, அனுப்பிட்டேன்.’’

‘‘அப்புறம்?’’

‘‘அப்புறம் என்ன?’’

இந்த ‘அப்புறம் என்ன’ எனக்கு உறுத்தியது. நாலாயிரத்துப் பன்னிரண்டு என்று கடைசி இலக்கம் வரை தெரிகிறது. வாங்கின மூணு பேர் யாரென்று தெரியவில்லை!

இதில் ஒரு வேடிக்கை. நிஜ நாலாயிரத்தின் கதையே வேறு. மறைந்து போயிருந்த பாசுரங்களை நாதமுனிகள் தேடித் தொகுத்தார் என்பது வைணவ சம்பிரதாயம். தொகுத்ததும் ஊரைக் கூட்டித் தமுக்கு அடிக்கவில்லை. தன் மருமான்கள் இருவரைக் கூப்பிட்டுப் பண்ணோடு சொல்லிக் கொடுத்தார். ரெண்டே ரெண்டு ஃபாலோயர்ஸ்! இன்றைக்கும் அரையர் சேவை நடந்து கொண்டிருக்கிறது.

ஆழ்வார்களுக்குப் பெருமாள் இருந்தார், சரி. பெருமாளும் இல்லாமல், ராஜாவும் இல்லாமல், மாசச் சம்பளமும் இல்லாமல் தன் கலையை நம்பி நிற்கிறவனுக்கு யார் துணை? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் மகாகவி பாரதி.

1920. கடையத்தில் இருக்கிறார் பாரதி. நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். தன் எழுத்துக்களை நாற்பது புத்தகங்களாகப் போடப் போகிறார். ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி. ஆக மொத்தம் நாலு லட்சம்! அச்சுக்கு இருபதாயிரம் ரூபாய் வேண்டும். ஆளுக்குக் குறைந்தது நூறு ரூபாய் கடனாகக் கொடுங்கள், மாசம் இரண்டு வட்டி தருகிறேன் என்கிறார். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி தன் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டார் அந்த மனுஷர். ஊர்கூடி நிதி போட்டு ஒரு படைப்பை வெளியிடுவதை இன்று ஏதோ அமெரிக்கக் கண்டுபிடிப்பு போலச் சொல்கிறார்கள். நம்மாள் நூறு வருஷம் முன்னாலேயே, தபாலில் செய்து பார்த்துவிட்டார்.

பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் பாரதியே இல்லை. நாற்பது புத்தகத் திட்டம் காகிதத்தோடு நின்றது.

தீப்பெட்டி கணக்கு தப்பில்லை, பின்னால் அது பலித்தது. அந்தக் கடிதம் போன நாளில், நூறு ரூபாயை எடுத்து வைக்கிற பழக்கம் உள்ள வட்டம் ஒன்று அவரைச் சுற்றி இல்லை, அவ்வளவுதான். அவருடைய பாட்டைப் பாடியவர்கள் இருந்தார்கள். தேசத்துக்காகப் பாடினார்கள். பாடினவன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

போன பிறகு பார்ப்பதில் நாம் எப்போதுமே கெட்டி. புதுமைப்பித்தன் 1948-ல் 42 வயதில் காலமானார். அதற்கப்புறம் அவர் குடும்பத்துக்கு நிதி திரட்டினார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ரசீதில் அவர் கையெழுத்து போட முடியாது பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி பெண் இன்னும் டல்லாகிவிட்டாள். ‘‘என்ன பெரியப்பா, தைரியம் சொல்வேள்னு பார்த்தா...’’

சரி, தைரியத்துக்கும் நம் ஊரிலேயே ஆள் இருக்கிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சி. அங்கே திருலோக சீதாராம் என்று ஒருவர் இருந்தார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்காது. 1917-ல் பெரம்பலூர்ப் பக்கம் தொண்டைமான்துறையில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. தமிழை ஒரு கண் தெரியாத புலவரிடம் காதால் கற்றுக் கொண்டார். அப்படிக் கற்றதாலோ என்னவோ, கவிதையெல்லாம் அவருக்கு நாக்கில் இருந்தது. துறையூரிலிருந்து வந்த ‘கிராம ஊழியன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். கு.ப.ராஜகோபாலன் தன் கடைசிக் காலத்தில் ஆசிரியப் பொறுப்பில் இருந்த அதே ‘கிராம ஊழியன்’. பிறகு திருச்சியில் ‘சிவாஜி’ என்று சொந்தமாக ஒரு பத்திரிகை. ரஜினியும் இல்லை, கணேசனும் இல்லை, சத்ரபதி! சின்னப் பத்திரிகைகள் ஆவணியில் பிறந்து ஐப்பசியில் கண்ணை மூடுகிற ஊரில், இதை அவர் சுமார் கால் நூற்றாண்டு, 1973-ல் தான் மறைகிற வரை நடத்தினார்.

எப்படி முடிந்தது?

நான் அறிந்த வரையில் ஒரே காரணம்தான் சொல்ல முடியும். அவர் தன் சரக்கை விற்றதைவிட அடுத்தவர் சரக்கை அதிகம் சுமந்தார். அவரும் கவிஞர்தான். ‘கந்தர்வ கானம்’ எழுதியவர். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வை 1957-ல் தமிழில் கொண்டு வந்தவர். ஆனால் ஊர் ஊராகப் போய் மேடையில் நின்று அவர் பாடியது பாரதியை. அப்புறம் பாரதிதாசனை. கையில் காகிதம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. மனப்பாடமாக, மணிக்கணக்கில். கேட்டவர்கள் நண்பர்களானார்கள். நண்பர்கள் ‘தேவசபை’ என்ற பெயரில் கூடினார்கள். பெயரைப் பார்த்துவிட்டு ரம்பை ஊர்வசி என்று கற்பனை பண்ண வேண்டாம். தேவர்கள் எல்லாம் வேலை வெட்டி உள்ள திருச்சிக்காரர்கள். படிப்பார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி வருவார்கள்.

மறுபடி வருவார்கள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

சபா என்றதும் ஞாபகம் வருகிறது. திருச்சிக்கு இது புதிசு இல்லை. எஃப்.ஜி.நடேச அய்யர் என்று ஒரு ரயில்வே அதிகாரி. டிராஃபிக் பார்க்கிற வேலை, நாடகம் பைத்தியம். 1914-ல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். பேரைக் கவனியுங்கள், ரசிகனை மகிழ்விக்கிற சபை! அந்த சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நிற்க, தெருவில் பாடித் திரிந்த பத்து வயசுப் பையன் ஒருவனை மேடையேற்றினார். பையன் பேர் தியாகராஜன். பின்னால் எம்.கே.தியாகராஜ பாகவதர். கிராப்பு வைத்தவனெல்லாம் பாகவதர் கிராப்பு வைத்துக் கொண்டு அலைந்த காலம் அதற்கப்புறம் வந்தது. முதலில் இருந்தது ஒரு ரயில்வே ஆபீஸரும் சாயங்காலமானால் கூடுகிற கொஞ்சம் பேரும்தான்.

‘சிவாஜி’க்குத் திரும்புவோம். 1953. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிப் பக்கம் உலவிக் கொண்டிருந்த ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன் கதை எழுதினான். வயசு பதினெட்டு. பேர் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ரங்கராஜன் மேல்தான் விழ வேண்டும் என்பதால் அந்தப் பெயரில் விசேஷம் ஒன்றுமில்லை. கதை ‘சிவாஜி’யில் வந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் கதை அதுதான். அடுத்த கதை பெரிய பத்திரிகையில் வர அவர் 1962 வரை காத்திருந்தார். அதுவும் குமுதத்தில் ஏற்கனவே ஒரு ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், பிற்பாடு மனைவியின் பெயரைக் கடன் வாங்கிக் கொண்டு...

ஆமாம், சுஜாதாதான்!

அந்த முதல் கதை வந்த ‘சிவாஜி’ இதழ் அவர் கையில் தங்கவில்லை. யாராவது தேடிக் கொண்டு வந்து கொடுத்தால் ராஜ்யத்தில் பாதி தருகிறேன் என்று பிற்பாடு தமாஷாக அறிவித்தார். தமாஷுக்குப் பின்னால் இருந்த ஏக்கம் தமாஷ் இல்லை. பெரிய பத்திரிகையின் லட்சம் பிரதியைப் பார்த்துவிட்ட மனுஷர், திருச்சியில் வந்த ஒரு சின்ன இதழுக்கு அலைந்தார்.

அவர் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் வருஷக்கணக்கில் எத்தனை புதுக் கவிஞர்களின் பெயரைச் சொன்னார்! ஒரு கணையாழி விழாவில் நா.முத்துக்குமார் என்ற இளைஞரின் ‘தூர்’ கவிதையை மேடையில் தானே வாசித்தார். அந்த இளைஞர் பிறகு எங்கே போனார் என்பது தமிழ் சினிமாவுக்குத் தெரியும். இரண்டாயிரத்தையொட்டி கம்ப்யூட்டரில் பத்திரிகைகள் முளைத்தபோது, ‘அம்பலம்’ என்ற இணைய இதழுக்கு ஆசிரியரானார். வாரம் ஒரு நாள் முன்பின் தெரியாத வாசகர்களோடு திரையில் அரட்டை. அறுபத்தைந்து வயசில், இதய நோயோடு! அவரை நேரில் பார்த்தே இராதவர்கள் அவருக்கு நண்பர்களானார்கள். 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, சொந்தத்தில் ஒரு பெரியவரை இழந்த மாதிரி அவர்கள் எழுதினார்கள்.

திண்ணையோ, தபாலோ, திரையோ... இடம் மாறியதே தவிர, காரியம் ஒன்றுதான்.

தபால் என்றதும் சி.சு.செல்லப்பாவை விடக்கூடாது. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கும்போதே, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். உலகத்திலேயே ‘இதற்கு மேல் ஃபாலோயர்ஸ் வேண்டாம்’ என்று போர்டு மாட்டிய ஆசாமி அவராகத்தான் இருப்பார். அந்த இரண்டாயிரத்தையும் பத்திரிகை தொட்டதில்லை என்பது சோகம். புத்தக மூட்டையைச் சுமந்து கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். 1970-ல் நின்று போயிற்று. ஆனாலும் திரிகோணமலையிலிருந்து ஒரு பையன் தபாலில் கவிதை அனுப்பி அதில்தான் நுழைந்தான். பிரமிள். தமிழில் புதுக்கவிதை என்றால் இன்றைக்கும் அந்தச் சில நூறு சந்தாதாரர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வெள்ளைக்காரனும் இதைத்தான் சொல்கிறான் என்றால் நமக்கு ஒரு திருப்தி. கெவின் கெல்லி என்ற அமெரிக்கர் 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். கலைஞனுக்குக் கோடி பேர் வேண்டாம். நிஜமான ரசிகர் ஆயிரம் பேர், ஆளுக்கு வருஷத்துக்கு நூறு டாலர் செலவழித்தால் போதும், பிழைத்துக் கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பாரதியும் நூறு, கெல்லியும் நூறு! 2013-ல் ஜாக் கான்ட்டி என்ற பாட்டுக்காரர், கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு வீடியோ எடுத்தார். விளம்பரத்தில் திரும்பி வரும் காசு எந்த மூலைக்கும் காணாது என்று அவருக்குத் தெரியும். ரசிகர்களே மாசாமாசம் ஒரு தொகை கொடுக்கட்டும் என்று நண்பரோடு சேர்ந்து ‘பேட்ரியான்’ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். வேறொன்றுமில்லை, சந்தா!

கெல்லி கணக்கில் எனக்கு ஒரு ஆட்சேபணை உண்டு. ஆயிரம் ரசிகர்கள் ஏதோ கடையில் கிடைக்கிற மாதிரி பேசுகிறார். எனக்குத் தெரிந்த ஓவியர்கள் சிலர் ஆயுசு பூரா தேடியும் இருபதைத் தாண்டவில்லை. கலை நன்றாக இருந்தால் போதும், கூட்டம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாரதி கலையில் என்ன குறை?

அதனால் தம்பி பெண்ணிடம் ஆயிரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ‘‘அந்த மூணு பேருக்கு லெட்டர் போடு’’ என்றேன்.

‘‘மெசேஜ் பண்ணட்டுமா?’’

‘‘லெட்டர். தபால்ல. நீ போட்ட ஒரு சின்னப் படம் வச்சு. படம் எங்க மாட்டியிருக்கேள்னு கேளு. வேற எதையும் விக்காதே!’’

முணுமுணுத்துக் கொண்டே போட்டாள். ரெண்டு பதில் வந்தது. ஒருத்தி டொராண்டோவில் இருக்கிற ஸ்ரீரங்கத்துப் பெண். படித்துறைப் படத்தை சமையலறையில் மாட்டியிருக்கிறாளாம். பனிக்காலத்தில் பாத்திரம் தேய்க்கும்போது காவிரியைப் பார்த்துக் கொள்கிறாளாம். இன்னொருவர் மண்ணச்சநல்லூர்க்காரர், ரிடையர்டு கணக்கு வாத்தியார். நீளமாக நாலு பக்கம். கடைசி வரியில், தனக்கும் வரைய ஆசை, அறுபத்தி மூணு வயசில் கேட்டால் சிரிப்பார்களோ என்று வெட்கம், என்று எழுதியிருந்தார். மூன்றாவது ஆள் பதிலே போடவில்லை. எல்லாக் கதையிலும் அப்படி ஒருத்தர் உண்டு.

வாத்தியார் லெட்டரை அவள் ரெண்டு தடவை படித்தாள். மறுநாள் போனில் ஒரு வரி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்து வரையப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம், பென்சில் நான் தருகிறேன்.

நாலாயிரத்துச் சொச்சத்தில் முதல் வாரம் வந்தது நாலு பேர். ரெண்டாவது வாரம் பதினொன்று. இனி ஜங்ஷனிலிருந்து ஸ்பெஷல் பஸ் விட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூணாவது வாரம் மழை. கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் அவளும் வாத்தியாரும் மட்டும். நாலாவது வாரம் ஏழு. அந்த ஏழில் ஐந்து பேர் முன்னாலேயே வந்தவர்கள். அதை அவளே எண்ணிச் சொன்னாள். நாலாயிரத்துப் பன்னிரண்டு இப்போது எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். ‘‘பார்க்கலை பெரியப்பா’’ என்றாள். கொஞ்சம் பொய்தான். பரவாயில்லை.

வருமானம்? அந்த ஏழு பேரில் ரெண்டு பேர் படம் வாங்கினார்கள். டொராண்டோக்காரி தன் நாத்தனாருக்கு ஒன்று சொல்லியிருக்கிறாள். தம்பி கெடுவை தையிலிருந்து ஆனிக்குத் தள்ளி வைத்திருக்கிறான். ரத்து பண்ணவில்லை. அரைநாள் வேலை ஒன்று பார்த்துக் கொண்டே வரையலாமா என்று அவளே யோசிக்கிறாள். சுஜாதாவும் முப்பது வருஷத்துக்கு மேல் கவர்ன்மென்ட் உத்தியோகம் பார்த்தவர்தான் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நானும் போயிருந்தேன். வாத்தியார் தான் போட்ட ராஜகோபுரத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினார். நிழல், கலசம் எல்லாம் ஜோர். எனக்கு ஒரு துர்ப்புத்தி, நிலைகளை எண்ணினேன். நம் கோபுரம் 236 அடி, பதிமூணு நிலை. 1987-ல் கட்டி முடித்த நாளிலிருந்து அதில் மாற்றமில்லை. அவர் படத்தில் பதினாலு இருந்தது. அதுவும் கணக்கு வாத்தியார்!

திரும்பி வரும்போது, ‘‘கவனிச்சியா?’’ என்றேன்.

‘‘போன வாரமே கவனிச்சேன். அப்போ பதினஞ்சு இருந்தது’’ என்றாள்.